பறக்கப் பணமில்லாத நாயகர்கள்: தொலைக்காட்சிக்கு எடுக்கப்பட்ட பழைய சூப்பர் ஹீரோ படங்கள் எப்படி உருவாயின?

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1979-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி இரவு 'கேப்டன் அமெரிக்கா' என்ற படம் ஒளிபரப்பானது. அதற்குச் சரியாக ஐந்து வாரங்களுக்கு முன்னர்தான் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த 'சூப்பர்மேன்' அந்நாட்டுத் திரையரங்குகளில் வெளியாகியிருந்தது. ஏறத்தாழ 5.5 கோடி டாலர் செலவில் உருவான அப்படம், அதுவரை எடுக்கப்பட்ட படங்களுள் மிக அதிகப் பொருட்செலவு கொண்டதாகக் கருதப்பட்டது. ஒரு மனிதன் வானில் பறப்பதை நம்பும்படி காட்டுவதற்கே அதில் பெரும்பகுதி உழைப்பு செலவானது.

தொலைக்காட்சிக் கேப்டன் பறக்கவில்லை. அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நடிகர் ரெப் பிரவுனின் தலையில் இருந்தது வண்டி ஓட்டுவோர் அணியும் தலைக்கவசம். அவருடைய புகழ்பெற்ற கேடயம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனது. வண்டியில் செல்லும்போது அதுவே முன்பக்கக் காற்றுத் தடுப்பாகவும் பயன்பட்டது. திரையரங்கில் சூப்பர்மேனைக் கண்டு திரும்பிய சிறுவர்கள், அடுத்த மாதமே வீட்டுத் தொலைக்காட்சியில் கண்ட நாயகன் இவர்தான்.

இன்று பல கோடி டாலர் புழங்கும் சூப்பர் ஹீரோ திரையுலகத்துக்கு முன்வரலாறாக இருப்பவை இத்தகைய தொலைக்காட்சிப் படங்களே. 1974 முதல் 1998 வரை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் இவற்றைத் தொடர்ந்து எடுத்துப் பார்த்தன. பெரும்பாலானவை ஓரிரவு ஒளிபரப்புடன் மறக்கப்பட்டன. ஒன்று மட்டும் ஐந்து பருவங்கள் ஓடியது. எல்லாவற்றுக்கும் பணப் பற்றாக்குறை பொதுவாக இருந்தபோது, ஒன்று மட்டும் நிலைத்தது எப்படி என்பதே இங்கு எழும் கேள்வி.

தொலைக்காட்சித் திரைப்படம் என்றால் என்ன?

1964-ஆம் ஆண்டு அக்டோபரில் என்பிசி ஒளிபரப்பிய 'சீ ஹவ் தே ரன்' என்பதே தொலைக்காட்சிக்கென்று எடுக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அதுவரை திரையரங்குகளில் ஓடி முடிந்த படங்களை விலைக்கு வாங்கி ஒளிபரப்பிய தொலைக்காட்சிகள், அந்த விலை ஏறியபோது தாமே படம் எடுப்பது மலிவு என்று கண்டன. 1969-இல் ஏபிசி 'மூவி ஆஃப் தி வீக்' என்ற பெயரில் வாரந்தோறும் புதிய படம் ஒன்றை ஒளிபரப்பத் தொடங்கியது. 90 நிமிட நேரத்தில் விளம்பரங்களைக் கழித்தால் மீதமிருப்பது சுமார் 75 நிமிடப் படம். சில வாரங்களில் படப்பிடிப்பு முடிந்தாக வேண்டும்.

இப்படங்களுக்கு இன்னொரு பயனும் இருந்தது. ஒரு தொடரைத் தொடங்குவதற்கு முன், அதன் முதல் பகுதியை இரண்டு மணி நேரப் படமாக எடுத்து ஒளிபரப்பிப் பார்ப்பார்கள். மக்கள் வரவேற்றால் தொடர். இல்லையென்றால் அது தனிப்படமாகவே நின்றுவிடும். இதனால் தோல்வியின் இழப்பு குறைந்தது. சூப்பர் ஹீரோ படங்கள் அனைத்தும் ஏறக்குறைய இத்தகைய முன்னோட்டப் படங்களே.

ஒளிபரப்பு நாளைத் தீர்மானித்ததும் வணிகக் கணக்குதான். அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் பிப்ரவரி, மே, ஜூலை, நவம்பர் ஆகிய மாதங்களில் நாடு முழுவதும் பார்வையாளர் கணக்கெடுப்பு நடத்தியது. அக்கணக்கை வைத்தே உள்ளூர் நிலையங்கள் விளம்பரக் கட்டணத்தை நிர்ணயித்தன. எனவே கவனத்தை ஈர்க்கக்கூடிய நிகழ்ச்சிகள் அம்மாதங்களுக்கென ஒதுக்கிவைக்கப்பட்டன. லிண்டா கார்ட்டர் நடித்த 'வொண்டர் வுமன்' முன்னோட்டப் படம் 1975 நவம்பரிலும், ஹல்க்கின் முதல் இரு படங்கள் 1977 நவம்பரிலும், இரண்டாவது 'கேப்டன் அமெரிக்கா' படம் 1979 நவம்பரிலும் ஒளிபரப்பாயின. பிற்கால ஹல்க் படங்கள் 1988 மே, 1989 மே, 1990 பிப்ரவரி ஆகிய மாதங்களில் வந்தன. கதை சொல்ல உகந்த காலம் எது என்பதைவிட, எண்ணிக்கை எடுக்கும் காலம் எது என்பதே முதன்மையாக இருந்தது.

மெதுவாக ஓடிய வேக மனிதன்

தொலைக்காட்சியில் அசாதாரண ஆற்றலைக் குறைந்த செலவில் காட்ட முடியும் என்பதை நிரூபித்தது 'தி சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்'. விபத்தில் உடல் சிதைந்த விண்வெளி வீரருக்குச் செயற்கை உறுப்புகள் பொருத்தப்படும் இக்கதை 1973 மார்ச்சில் தொலைக்காட்சிப் படமாக வந்து, 1974-இல் தொடராக வளர்ந்தது. நாயகன் மிக வேகமாக ஓடுவான் என்பது கதை. அதைப் படச்சுருளை வேகப்படுத்திக் காட்டினால் நகைச்சுவைப் படம் போலத் தோன்றும். எனவே தயாரிப்பாளர்கள் நேர்மாறாக, ஓட்டத்தை மெதுவான அசைவில் காட்டி, அதனுடன் ஒரு தனி ஒலியைச் சேர்த்தனர். மெதுவாக ஓடுவதையே பெருவேகம் என்று பார்வையாளர்கள் ஏற்றுக்கொண்டனர். அதற்குத் தனிச் செலவு எதுவும் தேவைப்படவில்லை.

'வொண்டர் வுமன்' விஷயத்தில் பாடம் இரண்டு தவணைகளில் கிடைத்தது. 1974 மார்ச்சில் ஏபிசி ஒளிபரப்பிய முதல் படத்தில் கேத்தி லீ கிராஸ்பி நடித்தார். அதில் நாயகிக்கு அமானுஷ்ய ஆற்றல் கிடையாது; சித்திரக்கதையில் உள்ள உடையும் கிடையாது. உளவுப் படங்களின் பாணியில் அமைந்த அம்முயற்சி தொடராகவில்லை. அடுத்த ஆண்டு அதே தொலைக்காட்சி, கதையை மூலத்தில் உள்ளவாறு இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குக் கொண்டுசென்று, மூல உடையுடன் லிண்டா கார்ட்டரை நடிக்க வைத்தது. அது வெற்றி பெற்றது.

சாதாரணப் பெண் வீராங்கனையாக மாறும் காட்சியில் அவர் தன்னைத் தானே சுற்றிக்கொள்வார். அந்த யோசனையை வழங்கியவர் கார்ட்டரே என்று அறியப்படுகிறது. ஒரு சுழற்சி, இடையில் ஒரு வெளிச்சப் பிழம்பு, பின்னர் உடை மாற்றம் என்ற அந்த எளிய ஏற்பாடு தொடரின் அடையாளமாகவே மாறியது. தூர்தர்ஷனில் 1997 செப்டம்பர் முதல் ஒளிபரப்பான 'சக்திமான்' தொடரைப் பார்த்து வளர்ந்த இந்தியப் பார்வையாளர்களுக்குச் சுழன்று உருமாறும் நாயகனின் காட்சி அந்நியமானதன்று. குறைந்த வசதிகளைக் கொண்டு அற்புதத்தைக் காட்ட வேண்டிய இடங்களில் இத்தகைய உத்திகள் பயன் தருகின்றன.

கட்டடத்தில் ஏறிய மனிதர் யார்?

சிபிஎஸ் 1977 செப்டம்பர் 14 அன்று ஒளிபரப்பிய 'ஸ்பைடர்-மேன்' படத்தில் நிக்கோலஸ் ஹேமண்ட் பீட்டர் பார்க்கராக நடித்தார். குழந்தைப் பருவத்தில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் நடித்தவர் அவர். ஆனால் முகமூடி அணிந்து உயரமான கட்டடங்களின் சுவரில் ஏறிய உருவம் பெரும்பாலும் சண்டைக்கலைஞர் ஃபிரெட் வா. கணினி வரைகலை இல்லாத காலம் அது. கட்டடத்தின் உச்சியிலிருந்து கம்பி வடம் இறக்கி, அதில் ஆளைத் தொங்கவிட்டு இழுத்தே சுவர் ஏறும் காட்சிகள் படமாக்கப்பட்டன. சில இடங்களில் அந்தக் கம்பி திரையில் தெரியவும் செய்தது. சிலந்தி வலை என்பது உண்மையில் கயிறும் வலையும்தான்.

இன்றைய பார்வையாளர் அக்காட்சிகளைக் கண்டு சிரிக்கக்கூடும். ஆயினும் அவற்றில் தெரிவது உண்மையான உயரம். அதில் தொங்குபவர் உண்மையான மனிதர். செலவைக் குறைத்த நிறுவனத்தின் சிக்கனம், ஒரு தொழிலாளியின் உடல்மீது ஏற்றப்பட்ட ஆபத்தாகவும் இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆற்றலைக் காட்டுவதற்கே பணம் போதாத நிலையில், அதற்கு இணையான வில்லன்களைக் காட்ட வழியில்லை. சித்திரக்கதையில் வரும் கிரீன் காப்ளின், டாக்டர் ஆக்டோபஸ் போன்றோர் எவரும் தொடரில் இடம்பெறவில்லை. முதல் படத்தின் வில்லன், மதிப்புக்குரிய மனிதர்களின் மனத்தைக் கட்டுப்படுத்தி அவர்களை வங்கிக் கொள்ளையில் ஈடுபடுத்தும் ஒரு போலிக் குரு. சுவரில் ஏறும் நாயகன், கோட்டு அணிந்த குற்றவாளிகளையே வாரந்தோறும் எதிர்கொண்டார். மார்வெல் நிறுவனத்தின் ஸ்டான் லீ இத்தொடரின் ஆலோசகராக இருந்தபோதிலும், அது சிறுபிள்ளைத்தனமாக அமைந்துவிட்டதாகப் பின்னாளில் குறைபட்டுக்கொண்டார்.

தொடர் மொத்தம் 13 பகுதிகளுடன் 1979-இல் நின்றது. பார்வையாளர்கள் இல்லாமல் அது நிறுத்தப்படவில்லை. ஆனால் விளம்பரதாரர்கள் விரும்பிய வயதுவந்தோர் குறைவாகவும் சிறுவர்கள் அதிகமாகவும் இருந்தனர். தயாரிப்புச் செலவோ மிகுதி. அதே காலத்தில் ஏபிசியிலிருந்து வந்துசேர்ந்த 'வொண்டர் வுமன்', 'ஹல்க்', 'கேப்டன் அமெரிக்கா' ஆகியவையும் சிபிஎஸ் வசமே இருந்ததால், சூப்பர் ஹீரோக்களின் தொலைக்காட்சி என்ற பெயர் நிலைத்துவிடுமோ என்று அதன் நிர்வாகம் தயங்கியது. அதே சமயம் வெளிநாடுகளில் முதல் படமும், தொடரின் பகுதிகளை இணைத்துத் தைத்த மேலும் இரு படங்களும் திரையரங்குகளில் வெளியாயின. அமெரிக்காவில் தொலைக்காட்சித் தொடராக இருந்தது, கடல் கடந்ததும் திரைப்படமாக மாறியது.

கோபத்தின் நிறம் பச்சை

யுனிவர்சல் தொலைக்காட்சி நிறுவனம் மார்வெலின் பல பாத்திரங்களுக்கான உரிமையைப் பெற்றபோது, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எழுத்தாளரும் இயக்குநருமான கென்னத் ஜான்சனுக்கு வந்தது. சித்திரக்கதைகளில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. அப்போது அவர் விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ள்' நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். துரத்தப்படும் ஒரு நல்ல மனிதன், அவனை விடாது பின்தொடரும் ஒருவன் என்ற அந்த அமைப்பை அவர் ஹல்க் கதைக்குள் கொண்டுவந்தார்.

மூலக்கதையில் விஞ்ஞானி காமா குண்டு வெடிப்பில் சிக்குகிறார். ஜான்சனின் கதையில் குண்டு இல்லை. சாலை விபத்தில் மனைவியைக் காப்பாற்ற முடியாமற்போன மருத்துவர் ஒருவர், ஆபத்து நேரத்தில் சிலருக்கு மட்டும் அசாத்திய வலிமை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்கிறார். ஆய்வுக்கூட இயந்திரத்தில் தன்மீதே கதிர்வீச்சைச் செலுத்திக்கொள்கிறார். இவ்வாறு செலவு மிக்க வெடிப்புக் காட்சி தேவையற்றதானது. அதன் இடத்தில் குற்ற உணர்ச்சி என்ற காரணம் வந்தது. நாயகனின் பெயரை புரூஸ் என்பதிலிருந்து டேவிட் என்று மாற்றினார். கோபத்தின் நிறம் சிவப்பு என்பதால் ஹல்க்கையும் சிவப்பாக்க விரும்பினார். ஸ்டான் லீ அதற்கு மட்டும் இணங்கவில்லை.

டேவிட் பேனராக பில் பிக்ஸ்பி நடித்தார். ஹல்க்காக முதலில் மிக உயரமான நடிகர் ரிச்சர்ட் கீல் தேர்வு செய்யப்பட்டுப் படப்பிடிப்பும் தொடங்கியது. உயரம் இருந்ததேயன்றித் தசைக்கட்டு போதவில்லை என்று கருதி அவருக்குப் பதிலாக உடற்கட்டு வீரர் லூ ஃபெரிக்னோ கொண்டுவரப்பட்டார். காட்சிகள் மீண்டும் எடுக்கப்பட்டன. ஆயினும் கீல் தோன்றும் ஒரு சிறு காட்சித்துணுக்கு படத்தில் இன்றும் இருக்கிறது. ஃபெரிக்னோ குழந்தைப் பருவத்தில் ஏற்பட்ட காதுத் தொற்றினால் கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தவர். வசனமே இல்லாத பாத்திரத்தில், பச்சைச் சாயமும் செயற்கை முடியும் கண்வில்லைகளும் அணிந்து, உறுமலுக்கு அப்பால் துயரத்தையும் குழப்பத்தையும் முகத்தாலேயே அவர் வெளிப்படுத்தினார்.

1977 நவம்பர் 4 அன்று முதல் படம் ஒளிபரப்பானது. 1978 மார்ச் முதல் 1982 மே வரை தொடர் நீடித்தது. ஒவ்வொரு பகுதியிலும் ஹல்க் பெரும்பாலும் இரு முறை மட்டுமே, சில நிமிடங்களே தோன்றுவார். எஞ்சிய நேரம் முழுவதும் ஊர் ஊராக அலையும் ஒரு மனிதனின் கதை. அவரைத் தேடி அலையும் ஒரு செய்தியாளரின் கதை. ஒரு பகுதியில் அவர் மனம் முறிந்த பெண்ணைச் சந்திப்பார், இன்னொன்றில் வன்முறைக்கு ஆளான குழந்தையைச் சந்திப்பார். வில்லனுக்கு மாயசக்தி தேவைப்படவில்லை. இரண்டாம் பருவத்தின் தொடக்கமாக வந்த 'மேரீட்' என்ற இரண்டு மணி நேரப் பகுதியில் நடித்ததற்காக மேரியட் ஹார்ட்லி 1979-இல் நாடகத் தொடருக்கான சிறந்த நடிகை எம்மி விருதைப் பெற்றார். சூப்பர் ஹீரோ கதைகளைச் சிறுவர் கேளிக்கை என்று ஒதுக்கிய காலத்தில் கிடைத்த விருது அது.

பணம் எங்கே குறைவாக இருந்ததோ, அங்கே காட்சியைச் சுருக்கி மனிதனை விரிவாக்கினார் ஜான்சன். மற்றப் படங்கள் காட்டமுடியாததைக் காட்ட முயன்று தடுமாறின.

தோற்றவை எல்லாம் மோசமானவையா?

அவ்வாறு சொல்லிவிட முடியாது. 1978 செப்டம்பர் 6 அன்று ஒளிபரப்பான 'டாக்டர் ஸ்டிரேஞ்ச்' படத்தை எழுதி இயக்கியவர் ஃபிலிப் டிகியர். பீட்டர் ஹூட்டன் நாயகனாகவும், ஜெசிகா வால்ட்டர் சூனியக்காரியாகவும், ஜான் மில்ஸ் குருவாகவும் நடித்தனர். சித்திரக்கதையின் அறுவைசிகிச்சை நிபுணர் இதில் மனநல மருத்துவராக மாற்றப்பட்டார். நிதானமும் மரியாதையும் கொண்ட தழுவலாக இதனை ஸ்டான் லீயும் பாராட்டினார். ஆனால் அதே இரவில் ஏபிசி, அமெரிக்க அடிமை முறையின் வரலாற்றைச் சொல்லி நாட்டையே தொலைக்காட்சி முன் அமர்த்திய 'ரூட்ஸ்' தொடரின் மறு ஒளிபரப்பை வைத்திருந்தது. பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தது. 'டாக்டர் ஸ்டிரேஞ்ச்' தொடராகவில்லை.

மறுபுறம், கேலியையே வழியாகக் கொண்ட முயற்சியும் இருந்தது. 'கேப்டன் அமெரிக்கா' ஒளிபரப்புக்கு முந்தைய நாள், 1979 ஜனவரி 18 அன்று, என்பிசி 'லெஜண்ட்ஸ் ஆஃப் தி சூப்பர் ஹீரோஸ்' நிகழ்ச்சியின் முதல் பகுதியை ஒளிபரப்பியது. 1960-களில் பேட்மேன், ராபினாக நடித்த ஆடம் வெஸ்ட்டும் பர்ட் வார்டும் அதில் மீண்டும் தோன்றினர். அரங்கத்துக்குள் வீடியோ நாடாவில் பதிவுசெய்து, சிரிப்பொலி சேர்த்து வெளியிடப்பட்ட அந்நிகழ்ச்சி இரண்டு பகுதிகளுடன் முடிந்தது.

'கேப்டன் அமெரிக்கா' இரண்டாம் படத்தில் கிறிஸ்டோபர் லீ போன்ற பெரிய நடிகர் வில்லனாக வந்தும் தொடர் பிறக்கவில்லை. நடிகரின் புகழ் ஒருநாள் கவனத்தைத் தரலாம்; வாரந்தோறும் சொல்லக் கதை வேண்டும்.

ஹல்க்கின் தோளில் ஏறிய மற்றவர்கள்

ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பின் என்பிசி ஹல்க்கை மீட்டெடுத்தது. 1988 மே மாதம் வந்த 'தி இன்கிரெடிபிள் ஹல்க் ரிட்டர்ன்ஸ்' படத்தில் தோர் பாத்திரத்தில் எரிக் கிரேமர் அறிமுகமானார். 1989 மே மாதம் வந்த 'தி டிரையல் ஆஃப் தி இன்கிரெடிபிள் ஹல்க்' படத்தில் ரெக்ஸ் ஸ்மித் டேர்டெவிலாக நடித்தார். பழகிய நாயகனின் படத்தில் புதியவரை அறிமுகப்படுத்தி, வரவேற்பைப் பொறுத்து அவருக்குத் தனித் தொடர் தருவது என்பது திட்டம். இருவருக்கும் தொடர் அமையவில்லை. ஆயினும் ஒரு பாத்திரத்தின் படத்தில் இன்னொரு பாத்திரம் நுழையும் வழக்கம், மார்வெல் திரையுலகம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொலைக்காட்சியில் நடந்துவிட்டது. 1989 படத்தின் நீதிமன்றக் கனவுக் காட்சியில் ஸ்டான் லீ நடுவர் குழு உறுப்பினராகத் தலைகாட்டியதும் பிற்கால வழக்கம் ஒன்றுக்குத் தொடக்கம்.

1990 பிப்ரவரியில் 'தி டெத் ஆஃப் தி இன்கிரெடிபிள் ஹல்க்' ஒளிபரப்பானது. பில் பிக்ஸ்பியே இயக்கிய அப்படத்துக்குப் பின்னரும் கதையைத் தொடரும் எண்ணம் இருந்தது. அது நிறைவேறவில்லை; 1993 நவம்பரில் பிக்ஸ்பி காலமானார்.

பின்னர் 1996 பிப்ரவரியில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 'ஜெனரேஷன் எக்ஸ்' படத்தையும், 1998 மே மாதம் டேவிட் ஹாசல்ஹாஃப் நடித்த 'நிக் ஃப்யூரி' படத்தையும் ஒளிபரப்பியது. இரண்டும் தொடராகவில்லை. 1997-இல் சிபிஎஸ்சுக்காக எடுக்கப்பட்ட 'ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா' அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவே இல்லை. 'ஜெனரேஷன் எக்ஸ்' படத்தில் மாணவர்களின் பள்ளியாகக் காட்டப்பட்ட கனடாவின் ஹாட்லி கோட்டை, பின்னாளில் பெரும் பொருட்செலவில் உருவான எக்ஸ்-மென் படங்களிலும் அதே பள்ளியாகப் பயன்பட்டது. 'நிக் ஃப்யூரி' படத்தை எழுதிய டேவிட் கோயர், அதே 1998-இல் வெளியான 'பிளேட்' படத்தையும், பின்னர் 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தையும் எழுதியவர். இடமும் திறமையும் ஏற்கெனவே இருந்தன. வரத் தாமதித்தது பணமும் நம்பிக்கையும்தான்.

உரிமை யாரிடம்?

இப்படங்களின் வரலாறு மார்வெலின் வணிக வரலாறும் ஆகும். தன் பாத்திரங்களைத் தானே படமாக்கும் வலிமை இல்லாத அந்நிறுவனம், அவற்றின் உரிமையைப் பல நிறுவனங்களுக்குப் பிரித்து வழங்கியது. தழுவல் எப்படி அமைகிறது என்பதில் அதன் சொல்லுக்குச் சிறிதளவே மதிப்பு இருந்தது. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றத்தை நாடியது. பின்னர் மீண்டு, 2008-இல் 'அயர்ன் மேன்' படத்தைத் தானே தயாரித்தபோதுதான் கதையும் கட்டுப்பாடும் ஒரே கைக்கு வந்தன. அப்போதும் ஸ்பைடர்-மேன் உள்ளிட்ட பாத்திரங்களின் திரைப்பட உரிமை வேறு நிறுவனங்களிடமே இருந்தது.

எஞ்சியிருப்பது என்ன?

பழைய தொலைக்காட்சிப் படங்களுள் சில பல்லாண்டுகளுக்குப் பின்னரே குறுந்தகடுகளாக வெளிவந்தன. வேறு சில, ரசிகர்கள் பாதுகாத்த நாடாக்கள் வழியாகவே தலைமுறை கடந்தன. 2008-இல் வெளியான 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' திரைப்படத்தில் லூ ஃபெரிக்னோ காவலாளியாகத் தோன்றியதுடன் ஹல்க்குக்குக் குரலும் கொடுத்தார். பழைய தொடருக்காக ஜோ ஹார்னெல் அமைத்த பியானோ இசையும் அப்படத்தில் ஒலித்தது.

அந்த இசை, பழைய தொடரின் பகுதிகள் முடியும் தறுவாயில் வருவது. டேவிட் பேனர் தோளில் ஒரு பையுடன், கடந்து செல்லும் வண்டிகளை நோக்கிக் கைகாட்டியவாறு சாலையோரம் நடந்து செல்வார். தொடரைப் பார்த்தவர்கள் இன்றும் முதலில் நினைவுகூரும் அக்காட்சியைப் படமாக்க ஒரு நடிகரும் ஒரு பையும் ஒரு சாலையும் மட்டுமே தேவைப்பட்டன.